பாதிப் பாட்டில் இறங்கியவன்

அத்தியாயம் 9

மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்புவது கலாமணிக்கு அதுதான் முதல் தடவை.

“கிராஸ்கட் ரோட்டுக்குப் போயி ஜாக்கெட் துணி எடுத்துட்டு வந்தர்றேனுங்க அத்தே.”

தெய்வாத்தாள் கோழிக்கறிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். “வெயில் ஏறங்காட்டி வந்துரு கண்ணு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடோணும். உங்க மாமனுக்கு அதுல ஒரு ஆசை.”

அத்தை நல்லவள். அதனால்தான் பொய் கூடுதலாக உறுத்தியது.

தை மாதம் கல்யாணமாகி உடுமலைப்பேட்டையிலிருந்து கோயமுத்தூர் கணபதிக்கு வந்தவள் கலாமணி. மாமனார் ஆறுச்சாமி பம்பு செட்டுப் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையை ஒட்டியே வீடு. ஒரே மகன் நந்தகுமார் பட்டறையின் கொள்முதலையும் விற்பனையையும் பார்த்துக்கொள்கிறான். சாதுவானவன், அதிர்ந்து பேசாதவன். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். போன வாரம் பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கப் போனபோது, போர்வையில் சுற்றி வைத்திருந்த சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் அவள் கையில் அகப்பட்டது.

நந்தகுமார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கல்லூரிக் காலத்திலிருந்தே அவனும் நண்பர்கள் எழிலும் இஸ்மத்தும் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறார்கள். பெயர் ‘ஃபிஃப்த் கியர்’. உக்கடத்தில் இஸ்மத்தின் மாமாவுக்குச் சொந்தமான பஞ்சு குடோனில் ஒத்திகை. கல்யாணத்தோடு அதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. இந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு மட்டும் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தான்.

“நானும் வரட்டுமுங்களா?” என்று அவள் கேட்டபோது, “வேண்டாம் கலா. நீ பாத்துட்டு இருந்தா எனக்குக் கையே ஓடாது” என்று சொல்லிவிட்டான்.

கையே ஓடாது என்று அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே போகவேண்டும் என்று தோன்றியது.

போட்டி அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரியின் கலையரங்கத்தில். உள்ளே நுழைந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. எங்கு பார்த்தாலும் பையன்கள். பாவாடை தாவணிகூடக் கண்ணில் படாத இடத்தில், சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தவள் அவள் ஒருத்திதான். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகப் போய், ஜீன்ஸ் போட்ட ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில், சுவரோரமாக ஒண்டிக்கொண்டாள்.

முதலில் வந்த இரண்டு குழுக்களும் பாடியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

“அடுத்து, ஃபிஃப்த் கியர்!”

காலையில் கட்டம் போட்ட சட்டையில் கிளம்பிய நந்தகுமார், கறுப்பு டி-ஷர்ட்டில் மேடைக்கு வந்தான். நெற்றியில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தான். கலாமணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பெருமையும் வந்தது. ஒரு பக்கம் எழில் இன்னொரு கிட்டாரோடு, ஆபீசுக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையில். பின்னால் டிரம்ஸுக்கு மேலே இஸ்மத்தின் சுருட்டை முடி மட்டும் தெரிந்தது.

கிட்டார் தொடங்கியது. குளிக்கும்போது நந்தகுமார் முணுமுணுக்கிற மெட்டு! அப்படியென்றால் இது எங்கோ கேட்ட பாட்டு இல்லை, அவனே போட்டது. பக்கத்துப் பெண்ணைத் தொட்டு, “இது எங்க ஊட்டுக்காரரு போட்ட மெட்டுங்க” என்று சொல்ல வாய் துறுதுறுத்தது.

அப்புறம் அவன் பாட ஆரம்பித்தான்.

அது நந்தகுமாரின் குரலே இல்லை. புதிதாக வந்திருக்கும் கேபிள் டி.வி.யில் வெள்ளைக்காரர்கள் பாடுவதுபோல வாயைக் கோணி, மூக்கால் பாடினான். பாதியில் மைக் ‘கீய்ய்’ என்று வீறிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணா, தண்ணி வருதுங்களா?”

அரங்கம் சிரித்தது.

“டேய், இவரு கணபதி பம்பு செட்டுக்காரரு மகன்டா!”

“பம்பு! பம்பு! பம்பு!”

பெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள். இஸ்மத்தின் டிரம்ஸ் தாளத்துக்குச் சரியாகக் கத்தினார்கள். அதுதான் கொடுமை.

நந்தகுமாருக்கு அடுத்த வரி மறந்துபோனது. முதல் வரியையே மறுபடி பாடினான். மறுபடியும் அதையே. எழில் அவன் பக்கத்தில் வந்து, தானே அடுத்த வரியை எடுத்துப் பாடி, வா என்பதுபோலத் தலையை அசைத்தான். நந்தகுமார் அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கம்பி பட்டென்று அறுந்தது.

தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தான். பக்கத்துப் படியை நோக்கி நடந்தான். இரண்டடி நடந்தவன் ஓட ஆரம்பித்தான். வயரில் கால் இடறி, விழாமல் சமாளித்து, கதவைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டான்.

கலாமணி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டாள். காது இரண்டும் எரிந்தன.

“ஐயோ பாவம்!” என்றாள் ஜீன்ஸ் போட்ட பெண். கலாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டாள்.

“தெரியாதுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மேடையில் எழிலும் இஸ்மத்தும் நிறுத்தவில்லை. இரண்டே பேராகப் பாட்டை முடித்தார்கள். கத்தல் அடங்கியது. சிலர் கை தட்டினார்கள். எழில் மைக் அருகே வந்து, “எங்க பாட்டுக்காரருக்கு ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க. அப்படியும் வந்து பாடுனாரு. மன்னிச்சுக்கோணும்” என்றான்.

நந்தகுமாருக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை என்பது கலாமணிக்குத் தெரியும்.

* * *

காந்திபுரத்தில் இறங்கி, முதலில் கண்ணில் பட்ட கடையில் கைக்கு வந்த துணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“இது எந்தச் சேலைக்குக் கண்ணு?” என்று தெய்வாத்தாள் விரித்துப் பார்த்தாள். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம்.

நல்லவேளையாக அத்தையின் கவனம் வேறு பக்கம் போனது. முன்னறையில் ஆறுச்சாமி டெலிபோனைக் கீழே வைத்துவிட்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பேசியவர் டீலர் தம்பிதுரை. அவருடைய மகன் அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறான்.

நந்தகுமார் வந்தபோது கட்டம் போட்ட சட்டைக்கு மாறியிருந்தான். முகம் கழுவி, தலை வாரி, ஒன்றும் நடக்காதவன்போல உள்ளே வந்தான்.

“உக்காரு. மொதல்ல சாப்புடு” என்றார் ஆறுச்சாமி.

சாப்பிட்டார்கள். தட்டில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே அவர் கேட்டார்.

“என்றா, பாதிப் பாட்டுல மேடைய உட்டு ஓடியாந்துட்டயாமா? தம்பிதுரை மகன் பாத்துட்டு வந்து சிரிக்கறானாமா?”

நந்தகுமாரின் கை நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த கலாமணியும் நின்றாள். சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் அவனிடம் கெஞ்சினாள். பயந்துட்டேன் என்று ஒரு வார்த்தை. அப்பா திட்டுவார், அவ்வளவுதான்.

“ஓடி வரலீங்கப்பா” என்றான் அவன். “அந்த எழிலாலதான் எல்லாம். தப்புத் தப்பா வாசிச்சான். என்னடான்னு கேட்டதுக்கு மேடையிலயே எகிறிக்கிட்டு வந்தான். நாலு பேரு முன்னால எதுக்கு வம்புன்னு நாந்தான் எறங்கி வந்துட்டேன்.”

ஆறுச்சாமியின் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்தது. யாரையும் எதையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“நான் அப்பவே சொல்லலே? அவனையெல்லாம் தோளுக்கு மேல ஏத்தி வெச்சுக்காதேன்னு? எனக்குத் தெரியும்டா, உன் மேல தப்பு இருக்காதுன்னு. தெய்வா, பையனுக்கு இன்னொரு துண்டு வை.”

எழிலின் அப்பா மாரப்பன் ஒரு காலத்தில் உடுமலைப் பக்கம் இவர்கள் தோட்டத்தில் பண்ணை வேலைக்கு நின்றவர். ஆறுச்சாமி கோயமுத்தூருக்கு வந்து பட்டறை போட்டபோது மாரப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருமல் வந்து வேலையை விடும்வரை மாரப்பன் அங்கேதான் இருந்தார். எழில் பாதிரியார் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயே கிட்டார் கற்று, இப்போது டெலிபோன் இலாகாவில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு வந்தபோது மண்டபத்து வாசலிலேயே நின்று பரிசைக் கொடுத்துவிட்டுப் போனது கலாமணிக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

நடந்ததைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? தெரியாது என்று ஊருக்கு நடுவில் சொல்லிவிட்டு வந்தவள், இங்கே எந்த முகத்தோடு பேசுவாள்?

கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள். யாருக்கும் தெரியாமல் கையைச் சேலை மடிப்பில் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

* * *

எழில்தான். கேரியரில் நீளவாக்கில் கட்டி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே அந்தச் சிவப்புக் கிட்டாரைக் கொண்டுவந்திருந்தான்.

“அம்மா, நந்து இருக்கானுங்களா? கிட்டார அங்கயே உட்டுட்டு வந்துட்டான்.”

ஆறுச்சாமி எச்சில் கையோடு எழுந்து படிக்கு வந்தார். “உள்ள வராத. அங்கயே நில்லு.”

கேட்டுக்குள் ஒரு காலை வைத்திருந்த எழில், அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

“வந்துட்டான்கிறயே, யாரைச் சொல்றே?”

“வந்துட்டாருங்க” என்றான் எழில். “குடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க.”

“நாலு பேரு முன்னால என்ற பையனோட சண்டைக்குப் போனயாமா? தப்பாவும் வாசிச்சுப் போட்டு, கேட்டா எகிறுனயாமா? கவர்மெண்டு வேலை கெடைச்சா கண்ணு மண்ணு தெரியாதோ? உன்ற அப்பன் எங்க தோட்டத்துல எப்படி நின்னான்னு போயிக் கேளு!”

எழிலின் பார்வை அவரைத் தாண்டி உள்ளே போனது. அங்கே நடையில் நந்தகுமார் நின்றிருந்தான். கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

எழில் காத்திருந்தான். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற கலாமணிக்கு அது தெரிந்தது. ஒரு வார்த்தைக்காக, ஒரு இருமலுக்காகக்கூட அவன் காத்திருந்தான்.

எதுவும் வரவில்லை.

அவன் கயிற்றை அவிழ்த்து, கிட்டாரைக் காம்பவுண்டுச் சுவரில் பதமாகச் சாய்த்து வைத்தான். “கம்பி ஒண்ணு அறுந்திருக்குதுங்க. மாத்திக்கச் சொல்லுங்க” என்றான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

“ராசப்பா!” என்று பட்டறை வாட்ச்மேனைக் கூப்பிட்டார் ஆறுச்சாமி. “மாரப்பன் ஊட்டுக்குப் போயிச் சொல்லிட்டு வா. மேடையில வெச்சு என்ற பையனக் கேவலப்படுத்திப் போட்டான், அவனை அடக்கி வெச்சுக்கச் சொல்லு. இனி இந்தப் பக்கம் தலை காட்டப்படாது.”

* * *

நந்தகுமார் மாடி அறையில் குப்புறப் படுத்திருந்தான். கலாமணி கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள்.

“ஏனுங்க.”

“தலை வலிக்குது கலா. சித்த நேரம் உடு.”

“எழிலண்ணன் தப்பா வாசிக்கலீங்க.”

அவன் திரும்பவில்லை. “உனக்கென்ன தெரியும்?”

“நான் அங்க இருந்தேனுங்க.”

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. “எங்க?”

“சுவத்தோரமா. அவனுக பம்பு பம்புன்னு கத்துனது, நீங்க கிட்டாரக் கீழ வெச்சது, எல்லாம் பாத்தேன். நீங்க போனப்பறம் எழிலண்ணன் பாடி முடிச்சதையும் பாத்தேன். உங்களுக்குக் காய்ச்சல்னு மைக்குல சொல்லி அவரு மன்னிப்புக் கேட்டாருங்க.”

“காய்ச்சல்னா சொன்னான்?”

அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டான்.

“நீயும் சிரிச்சயா?”

“இல்லீங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. “பக்கத்துல ஒரு பொண்ணு உங்களைத் தெரியுமான்னு கேட்டுச்சு. தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன்.”

அவன் கைகளை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். அடிபட்டவன் பார்வை. ஆனால் கோபம் இல்லை. தன்னைப்போல இன்னொருத்தி என்று நினைத்தானோ என்னவோ, பேச ஆரம்பித்தான்.

“ஓடோணும்னு நெனைக்கலே கலா. காலு தானாப் போயிருச்சு. அப்பா கேட்டப்பக்கூட பயந்துட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். எழில் பேரு தானா வந்துருச்சு.”

“தானா வரலீங்க. இஸ்மத் பேரு வரலியே? மைக் கெட்டுப்போச்சுன்னு வரலியே?”

அவன் தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“எழில்னு சொன்னா மாமா அடுத்த கேள்வி கேக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

இந்த மூன்று மாதத்தில் அவள் அவனிடம் இப்படிப் பேசியதே இல்லை. கத்தப்போகிறான் என்று நினைத்தாள். அவன் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

“எழில் ஊட்டுக்குப் போறேன். தனியாப் போனா பாதி வழியில திரும்பிருவேன். நீயும் வா.”

* * *

மாரப்பன் குடியிருந்தது ரயில்வே பாதைக்கு அப்பால், வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று. ஸ்கூட்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தவர், நந்தகுமாரைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வாங்க சாமி. வாங்கம்மணி. சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பேனுங்களே.”

ஸ்கூட்டர் அருகே விரைந்து வந்தார்.

“ராசப்பன் வந்து சொன்னானுங்க. எம்பையன் உங்களை நாலு பேரு முன்னால தலைகுனிய வெச்சுட்டானாமுங்க. அவனுக்காக நான் கேட்டுக்கறேனுங்க சாமி, மன்னிச்சுப் போடோணும். பெரியவருகிட்டயும் நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்.”

கை கூப்பினார். கூப்பிய கையோடு குனிந்தார்.

நந்தகுமார் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். பக்கத்து வீட்டுத் திண்ணைகளிலிருந்து யார் யாரோ பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்து அவன் இவரை ‘மாரப்பா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அப்பாவைக் கேட்டு வந்த பழக்கம். இப்போது அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை.

“ஏனுங்க… நீங்க கும்பிடாதீங்க.”

மாரப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரிடமோ அவன் பேசுகிறான் என்று நினைத்தவர்போல.

“எழில் ஒண்ணும் பண்ணலீங்க” என்றான் நந்தகுமார். “நாந்தான் பயந்துட்டு ஓடுனேன். அப்பாகிட்ட அவன் மேல பழியப் போட்டுட்டேன்.”

கிழவரின் முகத்தில் நிம்மதி வரவில்லை. பயம்தான் கூடியது. “அட உடுங்க சாமி. ஏதோ வயசுக் கோளாறு. பெரியவரு சொன்னா சொன்னதாவே இருக்கட்டுமுங்க.”

“என்ன இருக்கட்டும்?” என்று உள்ளிருந்து அவர் மனைவி மாசாணியம்மாளின் குரல் வந்தது. “வந்ததுல இருந்து எம்பையன் பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கான். இருக்கட்டுமாமா!”

எழில் ஒரு நாற்காலியோடு வெளியே வந்தான். கலாமணிக்குப் பக்கத்தில் அதைப் போட்டு, “உக்காருங்க” என்றான். அவள் உட்காரவில்லை.

“எங்கப்பாகிட்ட எதுக்கு நந்து சொல்றே? நீ எதைச் சொன்னாலும் அவரு சரீம்பாரு. உன்ற அப்பாகிட்டச் சொன்னயா?”

நந்தகுமாரின் பார்வை தரைக்குப் போனது.

“மேடையில நீ ஓடுனதுக்கு எனக்குக் கோபமே இல்லை. அவனுக கத்துன கத்துக்கு நானும் ஓடியிருப்பேன். உன் கிட்டாரு ஏதாவது ஆயிரப்போகுதேன்னுதான் வெயில்ல தள்ளிக்கிட்டு வந்தேன். நீ பாத்துட்டு நின்னயேடா…” எழில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “வந்துட்டாருங்கன்னு என்னையச் சொல்ல வெச்சாரே, அப்பவும் பாத்துட்டுத்தானே நின்னே?”

“எழிலு…”

“இஸ்மத்துகிட்டச் சொல்லீட்டேன். இனி ஒத்திகைக்கு நான் வரமாட்டேன். போயிட்டு வா நந்து.” கலாமணி பக்கம் திரும்பி, “போயிட்டு வாங்க” என்றான்.

கோபத்திலும் ‘போ’ என்று சொல்லவில்லை. போயிட்டு வா என்றுதான் சொன்னான். ஸ்கூட்டரில் ஏறும்போது கலாமணிக்கு அதுதான் தாங்கவில்லை.

* * *

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பம்பு செட்டு சங்கத்து ஆட்கள் சிலர் வந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கம். இன்றைக்கு டீலர் தம்பிதுரையும் வந்திருந்தார்.

“…கூட இருக்கறவன் சரியில்லீனா இதுதானுங்க கதி” என்று ஆறுச்சாமி சொல்லிக்கொண்டிருந்தார். “நல்லவேளை, என்ற பையன் கௌரவமா எறங்கி வந்துட்டான். அவன் எடத்துல வேற ஆளா இருந்தா கை கலப்புல முடிஞ்சிருக்கும்.”

சங்கத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். இன்னும் இரண்டு நாளில் கணபதி முழுக்க இது பரவிவிடும். எழிலின் டெலிபோன் ஆபீசுக்கும் போய்விடும்.

சமையல்கட்டுப் பக்கமாக உள்ளே போக ஒரு வழி இருந்தது. நந்தகுமார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பினான். கலாமணி ஒன்றும் சொல்லவில்லை. அவனை அவள் ஏற்கெனவே ஒரு முறை தள்ளியாகிவிட்டது. இதையும் அவளே செய்தால், செய்தது அவனாக இருக்காது.

அவன் நின்றான். திரும்பி வாசலுக்கு வந்தான்.

“அப்பா.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது.

“எழில் சண்டை போடலீங்க. அவன் நல்லாத்தான் வாசிச்சான். பசங்க கேலி பண்ணுனானுக, எனக்குப் பாட்டு மறந்துருச்சு. பயந்து ஓடியாந்துட்டேன். உங்ககிட்டச் சொன்னது பொய்யுங்க.”

தம்பிதுரை தன் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடினார். ஆறுச்சாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை. போவதற்கு வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

“வெயில்ல சுத்தீட்டு வந்து ஒளறறான். உள்ள போடா.”

“ஒளறலீங்கப்பா.”

“யார்ரா இப்படிச் சொல்லச் சொன்னது? அவங்கப்பன் வந்து அழுதானா?”

மாமனாருக்கு முன்னால், அதுவும் வெளியாட்கள் இருக்கும்போது, கலாமணி இதுவரை குரலெடுத்துப் பேசியதில்லை.

“அவரு சொல்றது நெசமுங்க மாமா” என்றாள். “நானும் அந்த ஹால்ல இருந்தேனுங்க. துணி எடுக்கப் போறேன்னு அத்தைகிட்டப் பொய் சொல்லிட்டுப் போனேன்.”

பலகாரத் தட்டோடு கதவருகே வந்த தெய்வாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். கலாமணியால் வேறு யார் முகத்தையும் பார்க்க முடிந்தது, அத்தையின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

“அப்ப நாங்க பொறப்படறோமுங்க” என்று ஒருவர் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஆறுச்சாமி வாசல் கேட் வரை போய், சிரித்த முகத்தோடு அவர்களை வழியனுப்பினார். திரும்பி வந்தபோது மகனைப் பார்க்கவில்லை.

“அம்மணி” என்றார். அவளை அவர் எப்போதும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். “எங்க ஊட்டுல மருமக இப்படிப் பொய் சொல்லிப்போட்டு ஆம்பளைக் கூட்டத்துல போயி உக்காந்த பழக்கம் இல்லீங்க. உங்கப்பாவ நாளைக்கு வரச் சொல்றேனுங்க. அவருகிட்டப் பேசிக்கறேன்.”

பத்து வீட்டுக்குக் கேட்கிற குரல் அவருடையது. இப்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி, அத்தனை மரியாதையாகச் சொன்னார்.

“அப்பா, தப்பு என் மேல! அவளை எதுக்கு…” என்று நந்தகுமார் குறுக்கே வந்தான்.

அவர் உள்ளே போய்விட்டார்.

தெய்வாத்தாள் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். கலாமணியைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றாள்.

“எங்கிட்டச் சொல்லியிருந்தா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. “எம்பையன் பாடறதப் பாக்க நானும்தானே வந்திருப்பேன்.”

கலாமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அத்தே” என்று கூப்பிட்டாள். அதற்குள் தெய்வாத்தாள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

முன்னறையில் டெலிபோன் டயல் சுற்றும் சத்தம். நின்றது. மறுபடி சுற்றியது.

“சம்பந்திங்களா? கணபதியில இருந்து ஆறுச்சாமி பேசறேனுங்க…”